பதினாறு வண்டிகளில் ஒரே குரல்

“எடுத்துடுங்கன்னா எடுத்துடுங்க. இதுல யோசிக்க என்ன—”

“இரு, நான் சொல்றத முழுசாக் கேட்டுட்டு—”

“நாலு மாசமா முழுசாத்தான் கேட்டுட்டு இருக்கேன். நாளைக்கு, நாளைக்கு, நாளைக்கு. உங்க நாளைக்கு எப்பங்க விடியும்?”

“பதினாறு வண்டி. ஒவ்வொண்ணுலயும் கை விட்டுத் துழாவி, வயரப் பிரிச்சு, திரும்ப மூடி... விளையாட்டுன்னு நினைச்சியா?”

“மாட்டும்போது ஒரே ஞாயித்துக்கிழமையில மாட்டுனீங்களே!”

“அப்ப எனக்குக் கை நடுங்கல.”

அவர் வண்டிகளுக்கு மின்வேலை பார்ப்பவர். தெருவில் அவருக்கு அலாரக்காரர் என்றே பெயர். அவள் அதே வீட்டின் முன்னறையில் கார்களுக்கும் வேன்களுக்கும் சீட் கவர் தைக்கிறவள். கல்யாணமான பன்னிரண்டு வருஷத்தில் சண்டை போடாத நாள் குறைவுதான். ஆனால் அந்தச் சண்டைகளில் எல்லாம் நடுவே புகுந்து, இடுப்பில் கை வைத்துக்கொண்டு, “ரெண்டு பேரும் தப்பு” என்று தீர்ப்புச் சொல்ல ஒரு வாண்டு இருந்தது. இப்போது தீர்ப்புச் சொல்ல ஆளில்லை. அதனால் எந்தச் சண்டையும் முடிவதில்லை.

“சரி, ஒண்ணு கேக்குறேன்,” என்றார் அவர். “அதுல அவ யாரக் கூப்பிடுறா? என்னத்தானே? அப்பான்னுதானே சொல்றா? உன்ன ஒரு தடவைகூடக் கூப்பிடலியே. காதப் பொத்திக்க வேண்டியவன் நான். நானே கேட்டுட்டு இருக்கேன். உனக்கென்ன வந்துச்சு?”

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கத்தரிக்கோலை எடுத்து, வெட்ட வேண்டிய அவசியமே இல்லாத ஒரு ரெக்ஸின் துண்டை ஓரமாக வெட்டத் தொடங்கினாள்.

அப்போதுதான் எதிர்ச்சாரியில், டீச்சரம்மா வீட்டு ஸ்கூட்டரிலிருந்து, அது கூப்பிட்டது.

“அப்பா, ஓடி வா! யாரோ வண்டியத் தொடுறாங்க!”

ஏழு வயசுக் குரல். ‘ஓடி’ என்பதில் ஒரு இழுப்பு, ‘தொடுறாங்க’வில் அடக்க முடியாத ஒரு சிரிப்பு. மூன்று முறை சொல்லும். கடைசியில் ‘கீச்’ என்று ஒரு சத்தம். பிறகு ஓய்ந்துவிடும். குரலுக்குச் சொந்தக்காரி ஓய்ந்து நாலு மாசமாகிறது. குரல் மட்டும் தெருவில் பதினாறு வண்டிகளில் உட்கார்ந்துகொண்டு, பூனை ஏறினாலும் பந்து பட்டாலும் அப்பாவைக் கூப்பிடுகிறது.

அவர் சட்டென்று எழுந்து பின்கட்டுக்குப் போய்க் குழாயை முழுசாகத் திறந்துவிட்டார். கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன் என்பார். ஆனால் கேட்கும்போது முகம் கழுவப் போய்விடுவார். அவள் கத்தரிக்கோலைப் பிடித்தபடி எண்ணினாள். ஒன்று. இரண்டு. மூன்று.

கீச் வர வேண்டிய இடத்தில் கீச் வரவில்லை. அழுது ஓய்ந்த குழந்தை மூக்கை உறிஞ்சுமே, அந்த ஈரமான சத்தம் வந்தது. ஒரே ஒரு தரம். அதற்குப் பிறகுதான் கீச்.

“என்னங்க...”

“என்ன?” என்று குழாய்ச் சத்தத்துக்கு மேலே கத்தினார்.

“ஒண்ணுமில்ல.”

*

போன வருஷம் ஒரே மாசத்தில் அந்தத் தெருவில் ஐந்து வண்டிகள் களவு போயின. முதலில் டீச்சரம்மாவின் பழைய ஸ்கூட்டர், அப்புறம் லாண்டரிக்காரரின் வேன், அப்புறம் வரிசையாக மற்றவை. வாசலில் பூட்டி நிறுத்தியது காலையில் எண்ணெய்க் கறையாக மட்டும் மிஞ்சியிருக்கும். கூட்டம் போட்டார்கள். கேட்டுக்கு மேலே விளக்கு, கதவில் வெளியே பார்க்கும் துவாரம், மதிலையொட்டிய புதரை வெட்டுவது, ஸ்டீயரிங்கைப் பூட்டி வண்டியை விளக்கடியில் நிறுத்துவது என்று ஒவ்வொன்றாக முடிவு செய்தார்கள். அலாரம் என்று வந்தபோது இவர் எழுந்து நின்றார்.

“கடையில விக்கிற அலாரம் கத்தினா யாராவது திரும்பிப் பாக்குறோமா? தலகாணிய எடுத்துக் காதுல வச்சுக்குறோம். ஆனா ஒரு குழந்தை கத்தினா? சொல்லுங்க, ஒரு குழந்தை கத்தினா யாரால சும்மா இருக்க முடியும்?”

தெருவே அதை ஒப்புக்கொண்டது. தீப்பெட்டி இரண்டை அடுக்கி வைத்த அளவில் கறுப்புப் பெட்டி. அதற்குள் ஒரு சில்லு, ஒரு சின்ன ஒலிபெருக்கி. குரலுக்கு வீட்டிலேயே ஆள் இருந்தது, அவர்கள் மகள். பிறந்தபோது அவ்வளவு சின்னதாக இருந்ததால் பட்டாணி என்று பெயர் விழுந்து, அதுவே நிலைத்துவிட்டது. அவர் தன் வேலை ஷெட்டில் போர்வையைப் போர்த்தி உட்கார வைத்துப் பதிவு செய்தார். பதினோரு தரம். முதல் பத்தும் சிரிப்பிலேயே போயின. “நிஜமாவே திருடன் வந்தா இப்படியா சிரிப்பே?” என்று அவர் அதட்ட, “நிஜமா வந்தா நான் ஏம்ப்பா உன்னக் கூப்பிடுறேன்? நானே கடிச்சிடுவேன்” என்றாள். வண்டிக்கு ஒரு சாக்லேட் என்று பேசி, பதினேழு வண்டிக்கும் கறாராக வாங்கிக்கொண்டாள்.

பெட்டியோடு இன்னொரு வேலையும் செய்து கொடுத்தார், நாலு சக்கர வண்டிகளுக்கு மட்டும். பூட்டிய வண்டிக்குள் ஆள் அசைந்தால் நாலு கதவும் இறுகிக்கொள்ளும். உள்ளேயிருந்து எந்தப் பிடியை இழுத்தாலும் திறக்காது. “வந்தவன் வெளிய போகக் கூடாதில்ல?” என்று அதைச் சொல்லும்போதெல்லாம் மீசையைத் தடவிக்கொள்வார்.

முதல் வாரம் அந்தக் குரல் கேட்டபோது தெருவே துண்டோடும் நுரை பூசிய முகத்தோடும் ஓடி வந்தது. திருடன் ஒருவன் ஸ்பேனரைப் போட்டுவிட்டு ஓடியே போனான். அதோடு களவு நின்றது. அப்புறம் பூனை. அப்புறம் பந்து. அப்புறம் காற்றில் விழும் சுள்ளி. ஆறாவது மாசத்தில் யாரும் ஓடவில்லை. ஆனால் எல்லாரும் பதில் சொன்னார்கள். அதுவே ஒரு வேடிக்கையாகிவிட்டது. “உங்கப்பா குளிக்கிறாருடி!” என்று ஒரு மாடியிலிருந்து வரும். “போதும்டி பட்டாணி, தொண்டை கட்டிக்கும்!” என்று டீச்சரம்மா சன்னலிலிருந்து சொல்லுவார். பட்டாணி அதைக் கேட்டுக் கேட்டு விழுந்து விழுந்து சிரிப்பாள்.

பதினேழாவது வண்டி வங்கிக்காரருடையது. சாம்பல் நிறக் கார், கண்ணாடியில் கறுப்புத் தாள் ஒட்டியது.

நாலு மாசத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம் அவர் கடைக்குப் போய்த் திரும்பி, பின்கதவைத் திறந்து வைத்துவிட்டுப் பைகளை உள்ளே கொண்டுபோனார். வந்தார், கதவைச் சாத்தினார், ரிமோட்டை அமுக்கினார், உள்ளே போய் ஏ.சி.யைப் போட்டுத் தூங்கிவிட்டார். நடுவிலிருந்த அந்த அரை நிமிஷத்தில், அவரை ‘பே’ என்று பயமுறுத்துவதற்காக ஒரு வாண்டு பின்சீட்டின் கீழே ஒளிந்துகொண்டதை அவர் பார்க்கவில்லை. வெயில் நேராகக் கூரை மேல் நின்றது. அலாரக்காரர் வயர் வாங்க வெளியூர் போயிருந்தார். வண்டி கூப்பிட்டது. வண்டிக்குள் இருந்தவளும் கூப்பிட்டாள். இரண்டும் ஒரே குரல். தெரு முழுக்கக் கேட்டது. சனியன் பிடித்த பூனை என்று யாரோ சலித்துக்கொண்டார்கள். நாலு மணிக்கு வங்கிக்காரர் கார்க் கதவைத் திறந்தார்.

அன்று சாயங்காலமே அவர் அந்தப் பெட்டியைப் பிடுங்கிக் கல்லால் நசுக்கிவிட்டு, அந்த வாரத்திலேயே வீட்டைக் காலி செய்தார். மற்ற வண்டிகளில் கதவை இறுக்கும் வயரை அலாரக்காரரே ஒவ்வொன்றாக வெட்டியெறிந்தார். ஆனால் குரலைத் தொடவில்லை. எடுங்கள் என்று அவரிடம் சொல்லத் தெருவில் யாருக்கு வாய் வரும்? “நான் செஞ்ச பொறி,” என்று நாலு மாசமாகச் சுவரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருக்கிற ஆளிடம்?

அவள் அதைக் கேட்டுக்கொண்டு பக்கத்தில் படுத்திருப்பாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்தப் பாரத்தில் பாதி அவர் தோளிலிருந்து இறங்கும். அந்த ஒரு வார்த்தையைத்தான் அவள் சொல்லவில்லை.

அந்த மத்தியானம் அவள் தைத்துக்கொண்டிருந்தாள். ஒரு வேனின் நீளச் சீட்டு, தடித்த ரெக்ஸின், நாலு மணிக்கு ஆள் வந்துவிடும். மோட்டார் ஓடும்போது ஒன்றும் கேட்காது. தையலைத் திருப்ப நிறுத்தும்போது கேட்கும். அப்பா, ஓடி வா. நிறுத்தினாள், அப்பா, ஓடி வா. மறுபடி ஓட்டினாள். மூன்றாவது தரம் நிறுத்தியபோது,

“அம்மா!”

கால் தானாகப் பெடலிலிருந்து எழும்பியது. பெட்டியில் அந்த வார்த்தை கிடையாது. பதினோரு தரமும் பக்கத்திலேயே நின்று கேட்டவள் அவள். அப்பா உண்டு, வண்டி உண்டு, யாரோ உண்டு. அம்மா கிடையாது. அது அவளுக்குத் தெரியும். ஒரு மூச்சு நேரம் அது அவளுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. அப்புறம் வெயிலில் காது அடைத்திருக்கும் என்று தோன்றியது. இன்னும் ஒரே ஒரு தையல்தான் பாக்கி என்று தோன்றியது. தெருவில் எல்லாரும் செய்வதைப் போலவே, ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல், சன்னல் பக்கம் குரல் கொடுத்தாள்.

“இருடி, வர்றேன்!”

உடனே சத்தம் நின்றது. பூனை இறங்கிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்தாள். பெடலை மிதித்தாள்.

*

சண்டை நடந்த மறுநாள் விடிகாலையில் அவள் பால் வாங்கிக்கொண்டு வந்தாள். லாண்டரிக்காரரின் வேனைக் கடக்கும்போது அது கூப்பிட்டது. அவள் தொடவில்லை. அவளுக்கும் வேனுக்கும் நடுவே நாலு முழம் இடைவெளி இருந்தது. சுற்றிலும் ஒரு பூனைகூட இல்லை. மூன்று முறை கூப்பிட்டு முடித்தபின் கீச் வந்தது, அவள் நடந்தாள், நாலு அடி போன பிறகு பின்னாலிருந்து, சோப்பும் நீராவியும் மணக்கும் அந்த மூடிய வேனுக்குள்ளிருந்து, யாரோ மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு சிரிப்பை அடக்குவதுபோல, அல்லது அழுகையை அடக்குவதுபோல, ஒரு சத்தம். அவள் திரும்பவில்லை. பால் பாக்கெட்டின் குளிர்ச்சி விரல்களில் உறைக்கவில்லை.

அன்றிலிருந்து எண்ண ஆரம்பித்தாள். தெருக்கோடியில் மருந்துக்கடைக்காரரின் கார் கூப்பிட்டால், சற்று நேரத்தில் அதற்கு இப்பால் நிற்பது கூப்பிடும். அதற்கப்புறம் அதற்கும் இப்பால். ஒவ்வொரு வண்டியாகக் கதவைத் தட்டிக்கொண்டு ஒருத்தி வருவதைப்போல. இவர்கள் வீட்டு வாசலுக்கு இரண்டு வீடு இருக்கும்போது நின்றுவிடும். இவர்களிடம்தான் வண்டி இல்லையே. வந்து நிற்க இடமில்லாததைப் போல நின்றுவிடும்.

மூன்றாம் நாள் சாயங்காலம் டீச்சரம்மா வந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்று எட்டு வருஷமாகியும் யாரைப் பார்த்தாலும் வருகைப் பதிவு எடுப்பதுபோலத்தான் பார்ப்பார். அன்று அந்தப் பார்வை இல்லை. தைத்து வைத்திருந்த கவரைச் சும்மா தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

“ஏம்மா, ஒண்ணு கேப்பேன். கோச்சுக்கக் கூடாது.”

“சொல்லுங்க டீச்சர்.”

“அந்தப் பெட்டியில... அம்மான்னு ஒரு வார்த்தை இருக்கா?”

அவள் கையிலிருந்த ஊசி விரலில் ஏறியது. வலிக்கவில்லை. “இல்ல டீச்சர்.”

“எனக்கும் அப்படித்தான் ஞாபகம். வயசாச்சு, காது ஒரு பக்கம் போச்சு. விடு.” எழுந்தார். எழுந்தவர் மறுபடி உட்கார்ந்தார். “நேத்து நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன்மா. பழக்கம் பாரு. அது கூப்பிட்டுச்சு, நான் அடுப்படியில இருந்து ‘என்னடி கண்ணு’ன்னுட்டேன். சொன்னதும் அது நின்னுடுச்சு. பாதியில. ‘யாரோ வண்டிய’ன்னு சொல்லிட்டு இருந்தது, பட்டுனு நின்னுடுச்சு. நான் என்ன சொல்றேன்னு கேக்குற மாதிரி. அந்தப் பெட்டிக்குக் கேக்குமா?”

“கேக்காது டீச்சர். அதுல மைக்கே கிடையாது. பேச மட்டும்தான் தெரியும்.”

“அப்ப சரி,” என்றார் டீச்சரம்மா. சரியில்லாத முகத்தோடு அவளுடைய தலையைத் தொட்டார். “உன் புருஷன் வருத்தப்பட்டாலும் பரவாயில்ல. நான் கேக்குறேன் அவன்கிட்ட. என் வண்டி களவு போனாப் போகட்டும். எடுத்துடச் சொல்றேன்.”

கேட்டார். டீச்சரம்மா கேட்டால் மறுக்க முடியாது. அலாரக்காரருக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்தவரே அவர்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்குரூடிரைவரை எடுத்துக்கொண்டு கிளம்பியவர், சாயங்காலம் ஒரு பிளாஸ்டிக் கூடையில் பதினாறு பெட்டிகளோடு திரும்பினார். ஒவ்வொன்றின் முதுகிலும் வண்டிக்காரரின் பெயரை எழுதிய துண்டுத்தாள். கூடையைக் குழந்தையைத் தூக்குவதுபோல இரண்டு கையாலும் மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார். அன்று இரவு தெரு மூச்சுக் காட்டவில்லை. நாலு மாசத்தில் முதல்தடவையாக அவள் அடித்துப் போட்டதுபோலத் தூங்கினாள்.

*

திங்கட்கிழமை மத்தியானம். ஷெட்டின் தகரக் கூரை அனலாகக் கொதித்ததால், அவளுடைய வெட்டும் மேசையை ஒதுக்கிப் பழைய பைக் பேட்டரி ஒன்றை அதன்மேல் வைத்தார். சிவப்பு கிளிப், கறுப்பு கிளிப். பதினாறு பெட்டிகளையும் வரிசையாக அடுக்கினார். வெளியே வெயில் வெள்ளையாக நின்றது. சன்னல் கம்பிகளின் நிழல் தரையில் ஒட்டிக்கொண்டதுபோல அசையாமல் கிடந்தது. ரெக்ஸினும் ரப்பர் பசையும் சூடேறி எழுப்பும் மணம் தொண்டையில் படிந்தது.

“ஒவ்வொண்ணும் ஒரே ஒரு தடவை கேட்டுட்டு அழிச்சிடுறேன்,” என்றார். “அவ்வளவுதான் கேக்குறேன் உன்கிட்ட.”

“ஆயிரம் தடவை கேட்டாச்சே.”

“உனக்கு முடியலன்னா உள்ள போ.”

அவள் போகவில்லை. தான் இல்லாதபோது அது என்ன சொல்லுமோ என்ற பயம் அவளை அங்கேயே கட்டிப்போட்டது. அவர் கேட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதை அவள் ஒருபோதும் முழுசாக நினைத்துப் பார்த்ததில்லை. அவர் கத்துவாரா, அடிப்பாரா, அதெல்லாம் இல்லை. அவர் இனிமேல் சுவரைப் பார்த்துப் பேச மாட்டார். அவளைப் பார்ப்பார். அவ்வளவுதான். அதைத்தான் அவளால் தாங்க முடியாது.

முதல் பெட்டி டீச்சரம்மாவுடையது. கிளிப்பை மாட்டினார். “அப்பா, ஓடி வா! யாரோ வண்டியத் தொடுறாங்க!” அவர் உதடுகள் கூடவே அசைந்தன. கீச். பொத்தானை அமுக்கிப் பிடித்தார். சிவப்பு விளக்கு அணைந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதும் அப்படியே. அவளுக்கு மூச்சு கொஞ்சம் இறங்கியது.

நாலாவதில் கீச்சுக்கு முன்னால் மூக்கு உறிஞ்சும் சத்தம் வந்தது.

பொத்தானுக்குப் போன அவர் விரல் அந்தரத்தில் நின்றது. “இது நான் பதியலியே.”

“அழிங்க.”

“இரு.”

“அழிங்கன்னு சொல்றேன்ல!”

அவர் அழிக்கவில்லை. ஐந்தாவதை மாட்டினார்.

“அப்பா, சுடுதுப்பா.”

அவர் முகம் மலர்ந்தது. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. நாலு மாசமாகச் செத்துக் கிடந்த முகம், விளக்குப் போட்டதுபோல மலர்ந்தது. எப்படி என்று அவர் கேட்கவே இல்லை. ஏன் என்று கேட்கவே இல்லை. “பேசுறா,” என்றார். “பாரு, புதுசாப் பேசுறா! கேட்டியா? சுடுதுப்பாங்குறா!” கண்ணீர் மீசையில் இறங்கியது. சிரித்துக்கொண்டே ஆறாவதை மாட்டினார்.

உள்ளங்கையால் கண்ணாடியைத் தட்டும் சத்தம். சின்ன உள்ளங்கை. தட், தட், தட்.

ஏழாவது.

“அம்மா!”

“உன்னக் கூப்பிடுறா!” என்று அவர் அவள் கையைப் பிடித்து உலுக்கினார். “நான் அன்னிக்குச் சொன்னேனே, உன்னக் கூப்பிடலன்னு. வாய்க் கொழுப்புல சொல்லிட்டேன். மனசுல வச்சுக்காத. உன்னையும் கூப்பிட்டிருக்கா பாரு. உன்னையும்தான்!”

அவள் அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். “போதுங்க. உங்க கால்ல வேணா விழுறேன். மிச்சத்த நான் அழிச்சிடுறேன். நீங்க போய்ப் படுங்க.”

“விடு.”

“வேண்டாங்க...”

“விடுன்னா!”

எட்டாவது. முதலில் குரலே இல்லை. தூரத்தில், கண்ணாடிக்கு அப்பால், ஒரு ரீங்காரம். அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். தினமும் கேட்கிற சத்தம். தையல் மெஷினின் மோட்டார். அது நின்றது.

“அம்மா!”

அப்புறம் இன்னொரு குரல். தேய்ந்து, எங்கிருந்தோ, சன்னல் வழியாக.

“இருடி, வர்றேன்!”

மோட்டார் மறுபடி ஓடத் தொடங்கியது.

அவர் நிமிரவில்லை. பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். மோட்டார் ஓடியது. ஓடிக்கொண்டே இருந்தது. அவர் கிளிப்பைக் கழற்றினார். ஒன்பதாவதில் மாட்டினார்.

“சரிம்மா.”

அவ்வளவுதான். அதற்குப் பிறகு மூச்சு. கத்தாமல், தட்டாமல், சொன்ன பேச்சைக் கேட்டு உட்கார்ந்திருக்கும் ஒரு குழந்தையின் மூச்சு.

பத்தாவது. மூச்சு.

பதினொன்று. மூச்சு. கொஞ்சம் வேகமாக.

அவர் கிளிப்புகளை மேசைமேல் வைத்துவிட்டார். இரண்டையும். அவள் பார்த்தாள். சிவப்பு ஒரு பக்கம், கறுப்பு ஒரு பக்கம். எதிலும் மாட்டவில்லை.

பன்னிரண்டு. மூச்சு.

பதின்மூன்று. பதினான்கு. மெல்லியதாக. இடைவெளி விட்டு. அடுத்தது வருமா என்று காத்திருக்க வைத்து.

பதினைந்து. ஒன்றும் இல்லை. இல்லை, இருந்தது. மணலைக் கொட்டுவதுபோல. பிறகு அதுவும் இல்லை.

தெருவில் ஒரு சத்தமும் இல்லை. சன்னல் நிழல் நகரவில்லை.

பதினாறாவது பெட்டி. சிவப்பு விளக்குக்கு மேலே நகத்தளவு கண்ணாடி. அதில் ஆவி படிந்தது. அந்த வெயிலில். உள்ளேயிருந்து. வெள்ளையாக, மூச்சுப் பட்டதுபோல. ஒரு துளி திரண்டு கீழே இறங்கியது.

அப்புறம் அந்த ஆவியின் நடுவில், மெதுவாக, ஒரு சின்ன வட்டம் துடைபட்டது. உள்பக்கமாக. ஒரு விரல் நுனி அளவு.

அவர் அதை எடுத்துத் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். அவளிடம் நீட்டினார். அப்போதுதான் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அவர் உள்ளங்கையிலிருந்து அது கேட்டது.

“அம்மா, வந்துட்டியா?”